தினமும் முகம் பார்க்கிறோம், பேச்சுதான் இல்லை

கேள்வி: மகன் அபுதாபியில் வேலை பார்க்கிறான். தினமும் ராத்திரி போட்டிம் (Botim) என்கிற ஆப்பில் வீடியோ கால் பண்ணுவான். "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்பான், நானும் சாப்பிட்டாயா என்பேன், இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அவன் அப்பா மஸ்கட்டில் இருந்தபோது மாதம் ஒரு கடிதம்தான், ஆனாலும் பக்கத்திலேயே இருந்த மாதிரி இருக்கும். பிள்ளை விலகிப் போகிறானோ?
- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: இல்லை அம்மா, விலகுகிற பிள்ளை தினமும் கூப்பிட மாட்டான். கடிதம் எழுத உட்கார்ந்தால் ஒரு மாதம் நடந்ததையெல்லாம் மனசில் ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுவோம். வீடியோ காலில் அதற்கு நேரமே இல்லை. உங்களுக்கு ஒன்பது மணி என்றால் அவனுக்கு ஏழரை, வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றியிருக்க மாட்டான், அந்தக் களைப்பில் முகத்தைப் பார்த்ததும் என்ன பேசுவது?

என் அப்பா 80-களில் துபாயில் இருந்தார். ஊருக்கு வருகிறவர்களிடம் 60 நிமிஷ கேசட் கொடுத்தனுப்புவார், ஒரு பக்கம் அவர் பேசியது, மறுபக்கம் நாங்கள் பேசி அனுப்ப. அம்மா டேப் ரெக்கார்டரை அடுப்படியில் வைத்து இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டே பேசுவார். முறத்துச் சத்தம், கோழி, பாட்டியின் இருமல் எல்லாம் சேர்ந்தே போகும். அந்த இருமலைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன் என்று அப்பா பிறகு சொன்னார்.

அந்தக் கேசட் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால்தான் போகாது, அதிலேயே 2013-இல் வந்த குரல் பதிவு வசதி இருக்கிறதே, அது போகும். மைக் படத்தை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டு வேலை செய்துகொண்டே பேசலாம். பகலில் எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசி அனுப்புங்கள், அவன் வண்டியில் போகும்போது கேட்டுக்கொள்வான். உடனே பதில் வரவில்லையே என்று மட்டும் நினைக்காதீர்கள், கடிதத்துக்கு நாம் காத்திருக்கவில்லையா. ராத்திரி கூப்பிடும்போது அதிலிருந்தே பேச்சு கிளம்பும்.

சரி, நாளைக்கே ஆரம்பியுங்கள். மாத்திரை, சாப்பாடு வேண்டாம். அவன் அப்பா மஸ்கட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் இருந்தால் ஒன்றை எடுத்து வாசித்து அனுப்புங்களேன்.