கூட்டத்தில் மறுத்துப் பேசினால் பெயர் கெடுமா?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருக்கும் வாசகர் கேட்கிறார்: "கூலி மிச்சமாகும் என்று இந்த வருடம் பழம், காய் பார்க்காமல் ஒரே சுற்றில் பறித்துவிடலாம் என்கிறார் முதலாளி. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முறைத்துக்கொள்ளாமல் எப்படிச் சொல்வது?"

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் "இது சரிவராது ஐயா" என்று வெறும் கையோடு போகாதீர்கள். முதலாளியின் கவலை கூலி, அதிலிருந்தே தொடங்குங்கள். ஒரு வரிசைச் செடிகளை அவர் சொன்னபடியே பறித்து, பழத்தையும் பச்சைக் காயையும் தனித்தனியே எடை போடுங்கள். பச்சைக் காய் பல்பரில் (தோல் உரிக்கும் இயந்திரத்தில்) சரியாகத் தோல் உரியாது, கொட்டையும் வெட்டுப்படும். கூலியில் மிஞ்சுவது எவ்வளவு, விலையில் போவது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி நீட்டுங்கள். கூடவே மாற்று வழியும் வேண்டும்: கடைசிச் சுற்றில் மட்டும் மொத்தமாக உருவிக்கொள்ளலாமே.

தனியாகவும் போகாதீர்கள். 1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார். கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அவர்களோடு சேர்ந்து தப்பாயின. ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது. அதனால் கங்காணியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

"நான் ஐயாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கிறேன்" என்று ஒருவர் வருவார். அவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கு அவர் வாயில் புகாராக மாறித்தான் போய்ச் சேரும். நல்லெண்ணத்தோடு சொன்ன எத்தனையோ பேர் இப்படித்தான் கெட்ட பெயர் வாங்கினார்கள். ரிசார்ட்டில் இரண்டு நாள் விளையாட்டு காட்டிவிட்டு 'இனி எல்லோரும் மனம் திறப்பார்கள்' என்று பணம் வாங்கும் பயிற்சிக்காரர்களையும் நம்ப வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது: உயிர் ஆபத்து. மின்கம்பி ஓரம் நிற்கும் சில்வர் ஓக் நிழல் மரத்தில் கிளை வெட்ட ஈரத்தில் ஆள் ஏற்றுகிறார்கள் என்றால் கணக்கும் வேண்டாம், துணையும் வேண்டாம். அத்தனை பேர் முன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். முதலாளி ஊரில் இல்லையா, முதலில் ஆளை இறக்குங்கள், அப்புறம் போன் போடுங்கள். மழை விட்டுவிட்டது, கிளை சின்னதுதான் என்பார்கள். கரண்ட் நிறுத்தியதை உறுதி செய்யும்வரை விடாதீர்கள்.

கடைசியாக, மினிட்ஸ் புத்தகம். கூட்டம் தொடங்கும் முன்பே "ஏகமனதாக" என்று எழுதி வைத்துக் கையெழுத்துக்கு நீட்டும் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ! எழுதுவது நீங்கள்தானே? உங்கள் மறுப்பையும் எடைக் கணக்கையும் இரண்டு வரியில் சேருங்கள். முடிவு முதலாளி பக்கமே போனால் மனப்பூர்வமாக வேலை செய்யுங்கள். முதல் லோடு விலை வந்ததும் அதே பக்கத்தைத் திறந்து திரும்பப் பேசலாம் என்று அன்றைக்கே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.