கார் இல்லாதவருக்குக் கார் மேல் என்ன காதல்?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. நல்ல வேலையில் இருக்கிறான். சொந்தமாகக் கார் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அலமாரி நிறையப் பொம்மைக் கார்கள். சினிமா பார்க்க உட்கார்ந்தால் கதையைக் கவனிப்பதில்லை. 'அந்தக் காரைப் பார், அடுத்த ஷாட்டில் அதே கார் மறுபடி வருது' என்று ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்துகிறான். எந்த மாடல் எந்த வருடம் வந்தது, மொத்தம் எத்தனை வண்டி செய்தார்கள் என்று ஒப்பித்துக்கொண்டே இருக்கிறான். யாருக்கும் பயன்படாத இந்தத் துணுக்கு அறிவால் என்ன லாபம்? வளர்ந்த மனிதன் செய்கிற வேலையா இது? அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் தம்பிக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

கார் மேல் ஆசை இருந்தால் இந்நேரம் ஒன்று வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். கார் வைத்திருக்கும் உங்கள் நண்பர்களிடம், அந்த வண்டியை வடிவமைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறதா, நெடுக்காகவா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். அதில் தப்பில்லை, அவர்களுக்கு வண்டி போக வர. உங்கள் தம்பிக்கு வண்டி என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வாங்கும் சக்தியை வைத்து ஒருவரின் ஈடுபாட்டை அளப்பது சரியான கணக்கே இல்லை.

அடுத்து, 'பொம்மை' என்று ஒதுக்கினீர்களே, அதில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் 1:18, 1:43, 1:64 என்று ஏதாவது பொறித்திருக்கும். 1:18 என்றால் நாலரை மீட்டர் கார் 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். நீள அகலத்தைச் சுருக்குவது சுலபம். பெயின்ட்டை எப்படிச் சுருக்குவது? அசல் காரிலேயே பெயின்ட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதை 18-ஆல் வகுத்த கனத்துக்கு யாராலும் பூச முடியாது. கொஞ்சம் தடித்துவிட்டால் கதவு இடுக்குகள் அடைந்துபோகும், விளிம்புகள் மழுங்கிவிடும். மெட்டாலிக் நிறம் இன்னும் சோதனை. அசல் காருக்கான மின்னும் துகளை அப்படியே போட்டால் மாடல் மேல் சரளைக்கல் கொட்டியது போலத் தெரியும். ஆகவே துகளையும் நுணுக்க வேண்டும். நல்ல மாடலையும் மட்டமான மாடலையும் உங்கள் தம்பி ஒரே பார்வையில் பிரித்துவிடுவார் என்றால், அவர் கண் இவ்வளவையும் படித்திருக்கிறது என்று அர்த்தம்.

1:43 என்ற அந்த விசித்திரமான எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. பிரிட்டனின் 'ஓ கேஜ்' என்ற அளவில் செய்யும் பொம்மை ரயிலில், அசலில் ஓர் அடி இருப்பது 7 மில்லிமீட்டராகச் சுருங்கும். வகுத்தால் 43 சொச்சம் வரும். ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1930-களில் சின்னக் கார்களைச் செய்ய ஆரம்பித்ததே, தன் பொம்மை ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கத்தான். டிங்கி டாய்ஸ் பிறந்தது அப்படி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அந்த டிங்கி கார்கள் பல இன்று தொட்டாலே உதிர்கின்றன. துத்தநாகக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் போதும், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விட்டு நொறுங்கிவிடும். மிச்சமிருப்பதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் உங்கள் தம்பியைப் போன்ற சேகரிப்பாளர்கள்தான்.

வளர்ந்தவர் செய்கிற வேலையா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930-லிருந்து 1968 வரை இளைஞர்களுக்காக மாடல் செய்யும் போட்டி நடத்தியது. முதலில் குதிரை வண்டி மாடல், பிறகு தாங்களே கற்பனை செய்த கார்களின் மாடல். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை. 1947-ல் அப்படி ஜெயித்தவர் சார்லஸ் ஜோர்டன். பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒட்டுமொத்த வடிவமைப்புக்கும் தலைவரானார். 1968-ல் வந்த ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் வரிசையின் முதல் 16 கார்களில் பெரும்பாலானவற்றை வரைந்த ஹாரி பிராட்லியும் அதே நிறுவனத்தில் டிசைனராக இருந்தவர்தான். கம்ப்யூட்டர் வந்து இத்தனை காலம் ஆன பிறகும், புதுக் கார் ஒன்றை முடிவு செய்வதற்கு முன் களிமண்ணில் மாடல் செய்து, தடவிப் பார்த்துத் திருத்துகிறார்கள். அவர்களையெல்லாம் போய் 'எப்போது வளரப் போகிறீர்கள்' என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். 'புல்லிட்' படத்தின் துரத்தல் காட்சி உங்கள் தம்பிக்கு நிச்சயம் மனப்பாடமாக இருக்கும். 1968-ல் வந்தது, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். பச்சை மஸ்டாங் கறுப்பு டாட்ஜ் சார்ஜரைத் துரத்துகிறது. வழியில் ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மறுபடி மறுபடி முந்துகிறார்கள். நாலு சக்கரம் உள்ள சார்ஜரிலிருந்து நாலுக்கும் மேலே வீல் கப்கள் (சக்கரத்தின் நடுவை மூடும் தட்டுகள்) கழன்று பறக்கின்றன. இதைக் கண்டுபிடிப்பவர் கதையைத் தவறவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் அந்தக் காட்சி எப்படி உருவானது என்பதைப் பிடித்துவிட்டார். ஒரே ஓட்டத்தை வெவ்வேறு கோணத்தில் எடுத்து, அந்தத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தின் எடிட்டர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த பீட்டிலைக் கவனித்தவருக்கு எடிட்டிங் என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் ரிமோட் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். முதல் தடவை பார்க்கும்போது படத்தை ஓடவிட வேண்டும். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதெல்லாம் அடுத்த தடவைக்கு.

நான் மிகவும் மதிக்கும் சினிமா கார் 1974-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் ஏஎம்சி ஹார்னெட். உடைந்த பாலத்திலிருந்து பாய்ந்து, காற்றில் ஒரு முழுச் சுற்று உருண்டு, மறுகரையில் சக்கரத்தில் வந்து இறங்கும். சாலை விபத்துகளை ஆராயச் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் நிரலை வைத்து வேகம், சாய்வு எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள். எடை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதால் ஸ்டீயரிங்கைக் காரின் நடுவுக்கு மாற்றி, ஓட்டுநரை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரே டேக். பொறியியலில் ஆர்வமுள்ள ஒரு பையனுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

மாடலும் சினிமாவும் சந்திக்கும் இடங்கள் இன்னும் ருசியானவை. 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வெள்ளி நிறம். 1965-ல் கார்கி நிறுவனம் அதைச் சின்னக் காராக விற்றபோது தங்க நிறம் பூசியது. வெள்ளி பூசினால் பெயின்ட்டே அடிக்காத வெறும் உலோகம் மாதிரி இருக்கும் என்பதுதான் காரணம். பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து சீட்டில் இருப்பவன் வெளியே தெறிப்பான். அந்தக் கார் லட்சக்கணக்கில் விற்றது. 2012-ல் 'ஸ்கைஃபால்' படத்தில் அதே டிபி5 வெடித்துச் சிதற வேண்டியிருந்தபோது, அசல் காரைப் பலி கொடுக்காமல் மூன்றில் ஒரு பங்கு அளவில் 3டி பிரிண்டரில் மூன்று மாடல்கள் செய்தார்கள். திரையில் எரிவது மாடல்தான்.

இனி உங்கள் தம்பிக்கு. பெட்டியைத் திறக்காமலே அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தம்பி. விலை ஏறும் என்று காத்திருப்பது வியாபாரம், அதற்கும் காருக்கும் சம்பந்தமில்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி இருந்தால், மென்மையான டயரிலிருந்து கசியும் ரசாயனம் அது தொடும் பிளாஸ்டிக்கை அரித்துவிடுவதும் உண்டு. திறந்து வையுங்கள், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் சொல்லும் விதம். 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் டிலோரியன் கார் மணிக்கு 88 மைல் வேகம் தொட்டால் காலத்தைத் தாண்டும். ஆனால் கடையில் விற்ற டிலோரியனின் ஸ்பீடோமீட்டர் 85-லேயே முடிந்துவிடும். இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் அண்ணன் அதை ஒப்பித்தல் என்றுதான் சொல்வார். வேகத்தையும் எரிபொருள் செலவையும் குறைக்க நினைத்த அமெரிக்க அரசு, ஸ்பீடோமீட்டர் 85 மைலுக்கு மேல் காட்டக் கூடாது, 55-ஐத் தனியாகத் தெரியும்படி குறிக்க வேண்டும் என்று 1979-ல் விதி போட்டது. அந்த விதி கொஞ்ச காலமே நீடித்தாலும் அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றின் டயலில் இன்னும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்பார்.