பதறியவர் யார்?

கேள்வி: பதட்டமான பகுதிகளைப் பற்றி எழுதும்போது ‘அமைதி இதழியல்’ என்ற முறையைப் பின்பற்ற வேண்டும் என்கிறார்களே, அது நம் பக்கத்தில் எடுபடுமா? செய்தியாளர் நடுவில் நின்று இரு தரப்பையும் எழுதினால் போதாதா?
– வாசகர், தேவகோட்டை.

பதில்: எடுபடுமா என்று பார்ப்பதற்கு முன், உங்கள் ‘பதட்ட’த்தை எடுத்துவிடுகிறேன். அது பதற்றம். மாறு என்பதிலிருந்து மாற்றமும் ஏறு என்பதிலிருந்து ஏற்றமும் பிறப்பதுபோல, பதறு என்பதிலிருந்து பதற்றம் பிறக்கிறது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எங்கள் பிழைதிருத்துநர் கணக்கு வைத்திருக்கிறார். ஊரே சொல்வதை ஏற்றுக்கொண்டால் என்ன என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாதம் ஓர் அஞ்சலட்டையில் என்னோடு மல்லுக்கு நிற்பதும் பழைய வாசகர்கள் அறிந்ததே. அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: றகரம் போனால் ஓர் எழுத்தோடு போவதில்லை, பதறியவரும் சேர்ந்து போய்விடுகிறார். பதற்றம் என்றால் யாரோ பதறியிருக்க வேண்டும், அவர் பதறுவதற்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். பதட்டத்துக்கோ வினையும் இல்லை, ஆளும் இல்லை. அது எங்கிருந்தோ வந்து இறங்கி, ஊரில் ‘நிலவுகிறது’.

இந்த ‘நிலவுகிறது’ மீதும் எனக்குத் தீராத கோபம் உண்டு. நம் நாளிதழ்களில் பதற்றம் நிலவும், பரபரப்பு நிலவும், போலீசார் குவிக்கப்படுவார்கள், பிறகு அமைதியும் நிலவும். ஆனால் அதற்கு முன்னால் ‘மயான’ என்ற சொல் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். உயிரோடு இருப்பவர்கள் உட்கார்ந்து பேசி உண்டாக்கிய அமைதிக்குச் செய்தித் தமிழில் ஒரு வாக்கியம் இன்னும் அமையவில்லை. கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன நம் ஊர் நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள்: யார் பேரில் பற்று, யார் பேரில் வரவு, எந்தத் தேதியிலிருந்து வட்டி என்பது இல்லாமல் ஒரு வரி இருக்காது. ‘இரங்கூனில் கடன் நிலவுகிறது’ என்று ஒரு மேலாள் ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பியிருந்தால், முதலாளி அவரை அடுத்த கப்பலிலேயே வரவழைத்து, நிலவுவது யாருடைய கடன் என்று பட்டகசாலையில் உட்கார வைத்துக் கேட்டிருப்பார்.

அமைதி இதழியல் கேட்பதும் இந்தக் கணக்கைத்தான். அதற்கு வித்திட்ட நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்துங்கும் மாரி ஹோல்ம்போ ரூகேயும், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தம் நாட்டு நாளிதழ்கள் எழுதிய விதத்தை ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாளுக்குள் வெடித்து முடிவது நாளிதழில் எளிதாக இடம்பிடிக்கிறது, ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்வது தவறிப்போகிறது என்பது அவர்கள் எடுத்து வைத்தவற்றுள் ஒன்று. போர்ச் செய்தியை விளையாட்டுச் செய்திபோல வெற்றி தோல்வியாக எழுதாமல், நோயின் காரணத்தையும் தடுக்கும் வழியையும் சொல்லும் மருத்துவச் செய்திபோல எழுத வேண்டும் என்றும் கால்துங் பின்னாளில் வாதிட்டார். அமைதியை உண்டாக்குவது செய்தியாளரின் வேலையல்ல என்று பிபிசி செய்தியாளர் டேவிட் லாய்ன் மறுத்தார். அந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். அறிவுரை சொல்லும் செய்தியைப் படிக்க எனக்கும் பொறுமை கிடையாது.

ஆனால் உங்கள் ‘இரு தரப்பு’ எனக்கு ஒத்துவரவில்லை. இளம் வயதில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தபோது, ‘இரு தரப்பினரிடையே’ என்று நானும் கூசாமல் எழுதித் தள்ளியவன்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கண்டதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வடம் பிடிக்கும் உரிமை பற்றிய பிணக்கில் ஆண்டுக்கணக்காக ஓடாமல் நின்ற தேர், 2024 ஜூனில் ஓடியது. அங்கே தரப்பு எத்தனை? உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறவுசேரி என்று, பல ஊர்கள் சேர்ந்த ‘நாடு’களே நான்கு. வடம் தொட உரிமை கேட்ட தலித் மக்கள், தேவஸ்தானம், வருவாய்த் துறை, காவல் துறை, நீதிமன்றம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். இரண்டு பேர் இருந்தால் நடு என்று ஓர் இடம் உண்டு. ஒன்பது பேருக்கு நடுவில் எங்கே போய் நிற்பது? நின்றாலும், உரிமை கேட்பவருக்கும் மறுப்பவருக்கும் நடுவில் நிற்பதை நடுநிலை என்று நான் சொல்ல மாட்டேன். தேர் ஓடும் ஒரு நாள் எல்லா ஏடுகளிலும் வரும். அது ஓடுவதற்காக நடந்த பேச்சுகளும் வழக்குகளும் எந்த நாளின் செய்தி?

அதைவிடக் கடினமானது, கதையை எங்கிருந்து தொடங்குவது என்பது. நம் வீட்டு ஆயாமார், அதாவது பாட்டிமார், பர்மாக் கதையை 1942இலிருந்துதான் தொடங்குவார்கள்: ஜப்பான்காரன் வந்தான், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காடும் மலையுமாக நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்களைப் புதைக்கவும் ஆள் இல்லை. அந்தத் துயரத்தில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்க மாட்டேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னே போனால் வேறொரு வரி தென்படுகிறது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக எழுதிய நிலம் கைமாறியது. நம்மவர் நிலத்துக்கு ஆசைப்படவில்லை, பணம்தான் கேட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மையே. தன் வயலிலேயே குத்தகையாளான பர்மிய உழவனுக்கு அந்த வேறுபாட்டை யார் போய் விளக்கியிருக்க முடியும்? அங்கே அப்போது பதறியவன் அவன். அவன் பதறியதை எழுதாமல் 1942ஐ மட்டும் எழுதினால் நம் பேரேட்டில் வரவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டதாகத்தான் பொருள். அவன் பதறியதை எழுதிவிட்டு, நடந்து வந்தவர்களைப் பார்த்து ‘வேண்டும் இவர்களுக்கு’ என்று எழுதினாலும் அதே கணக்குப் பிழைதான்.

எடுபடுமா என்று கேட்டீர்கள். இந்தப் பர்மாக் கணக்கை நான் முன்பொரு முறை எழுதியபோது, சந்தாவை நிறுத்தச் சொல்லி மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் நம் பக்கத்துக் கடிதங்களே. அவற்றுள் ஒன்றில், என் கட்டுரையால் குடும்பத்தில் பதட்டம் நிலவுவதாக எழுதியிருந்தது. யார் பதறினார்கள் என்று கேட்டுப் பதில் எழுதினேன். அதற்கு இன்றுவரை மறுமொழி இல்லை.