ஏற்காட்டுப் பனியில் படங்கள் ஏன் சாம்பலாகின்றன: கேமரா வாங்கும் முன் கற்க வேண்டியது

சேலத்தில் வசிப்பதாகவும், கையில் செல்போன் மட்டுமே இருப்பதாகவும், ஏற்காட்டில் எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூத்து மங்கலாக வருவதாகவும் எழுதி, நல்ல கேமரா வாங்கினால்தான் புகைப்படம் எடுக்கக் கற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டியதில்லை என்பதே என் பதில். கேமராவால் பயனே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எப்போது தேவைப்படும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் கற்க வருகிறவரிடம் முதல் பேச்சே லென்ஸ் விலையாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. வெளியூர் வியாபாரிகள் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் சொல்கிறார்கள் என்பதால், புது டிசைன்களைப் படமெடுத்து அனுப்பும் வேலை என்னுடையது. எனக்கு ஒளியைக் கற்றுக்கொடுத்தது அந்தக் கொலுசுதான். மெருகேறிய வெள்ளி, தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். டியூப்லைட்டின் கீழ் கொலுசை வைத்துப் போனை நேர்மேலே பிடித்தால், ஒவ்வொரு முத்திலும் ஒரு வெள்ளைக் கோடும் ஒரு கறுப்புப் போனும் தெரியுமே தவிர, வேலைப்பாடு தெரியாது. ஆகவே நேர்வெயில் விழாத வடக்குப் பார்த்த ஜன்னலில் வெள்ளை வேட்டித் துணியை ஒற்றையாகக் கட்டி, எதிர்ப்பக்கம் வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தி, போனைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து எடுக்கிறேன். அத்துடன் முடிவதில்லை. சுற்றிலும் வெறும் வெள்ளையாக இருந்தால் கொலுசு தட்டையாகத் தெரியும். எனவே பக்கவாட்டில் விரல் அகலத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டு வைப்பேன். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் முத்துகளின் மேல் ஒரு கருங்கோடு நகரும்; அந்தக் கோடு பூவேலையின் ஓரத்தில் வந்து நிற்கும்போது ஒவ்வொரு இதழும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அப்படி எடுத்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அப்பா, "கையில வெச்சுப் பாக்கற மாதிரியே இருக்குது, கண்ணு" என்றார். வெள்ளியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சொன்ன அந்தச் சொல்லை நான் பெருமையாகவே வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் எடுத்தது சாதாரணப் போன்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நகரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எந்த நிறுவனத்தின் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) சிறந்தது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதிலேயே வகுப்புகள் கழிந்தன; ஒரு ஜன்னலைத் திறந்து, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று ஒருவரும் காட்டவில்லை. போன் வைத்திருந்த கல்லூரிப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு படமெடுப்பதையே விட்டிருப்பார்களோ என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

இனி உங்கள் பனிமூட்டப் படங்களுக்கு வருகிறேன். கேமராவின் ஒளி அளவி, எதிரே இருக்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் அட்டையைப் புகைப்படக்காரர்கள் அளவுகோலாக வைத்திருந்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். திரை நிறைய வெள்ளைப் பனிமூட்டம் இருந்தால், அந்த வெண்மையையும் அது சாம்பலாக இறக்கிவிடும். இன்றைய போன்கள் காட்சியை அடையாளம் கண்டு தாமே திருத்திக்கொள்ளும் என்று சிலர் மறுப்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனாலும் உங்கள் படம் சாம்பலாக வந்திருக்கிறதே. பெரும்பாலான போன்களில் திரையைத் தொட்டால் பக்கத்தில் சிறு சூரியக் குறி தோன்றும். விரலை மேல்நோக்கி இழுத்துப் பனி வெள்ளையாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அதற்கு முன் போன் லென்ஸைத் துணியால் துடையுங்கள், ஏனெனில் பனியில் அதன்மேல் ஈரம் படியும்.

இதற்கு நேர்மாறான பாடம் காபித் தோட்டத்தில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்து சில நாள் கழித்துக் காபிச் செடிகள் வெள்ளைவெளேரென்று பூக்கும். பூ சில நாள்தான் நிற்கும். அங்கே திரையை நிறைப்பது கரும்பச்சை இலை என்பதால், கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; பூக்களின் இதழ் விவரம் வெளிறிப் போகும். பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். பனிக்குக் கூட்டுவதும் பூவுக்குக் குறைப்பதும் ஏன் என்பது கைக்குப் பிடிபட்டால், கேமரா வகுப்புகளில் பாதியை நீங்கள் கற்றுவிட்டீர்கள். தோட்டங்கள் தனியார் இடங்கள்; காவலாளியிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். படத்துக்காகப் பூத்த கிளையை ஒடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிளையில் அடுத்த அறுவடைக்குக் காய் இருக்காது.

சேலத்துக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டை அடைவதற்குள், கீழே நிழல் கூர்மையாக விழும் வெயிலையும் மேலே நிழலே விழாத ஒளியையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஒரே ஆளை, முடிந்தால் உடன் வரும் நண்பரையே, அடிவாரத்திலும் மேலேயும் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மேலே போனதும் சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள்: மிளகுக் கொடி சுற்றிய அருகிலுள்ள மரம் கறுப்பாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கும் பின்னுள்ளது வெளிறியும் தெரியும். அருகில் ஒரு மரமாவது படத்துக்குள் இருந்தால்தான் பனிக்கு ஆழம் கிடைக்கும். வெறும் பனியை மட்டும் எடுத்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். மாலையில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனையிலிருந்து சேலத்தின் விளக்குகளை எடுக்க விரும்பினால், முழு இருட்டுக்குக் காத்திருக்காமல், வானத்தில் நீலம் இருக்கும்போதே போனைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, டைமர் வைத்து எடுங்கள்.

கேமராவைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். சேலத்து மூக்கனேரியில் நீர்க்காகம் சிறகு விரித்து நிற்பதைப் போனில் பெரிதாக்கி எடுத்தால் படம் கலங்கிப்போகும். அங்கே தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 300 மில்லிமீட்டர் லென்ஸின் வேலையை வேறு எதனாலும் செய்ய முடியாது. மங்கிய மண்டப வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தைகளை எடுப்பதும் அப்படித்தான். உங்களுக்கு அடிக்கடி எடுக்கத் தோன்றும் காட்சி இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், பழைய பாடி ஒன்றை விசாரித்து வாங்குங்கள். பறவைக்கென்றால் பணத்தின் பெரும்பகுதி லென்ஸுக்குப் போகட்டும்.