அப்பா தூங்கினார், மகள் அழுதாள்

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள், ‘அங்கிள் பூன்மீ’ என்ற தாய்லாந்துப் படத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். அரைமணி நேரத்தில் என் கணவர் தூங்கிவிட்டார். எங்கள் வரிசையில் நாலு பேர் எழுந்தே போய்விட்டார்கள். மகளோ கடைசியில் அழுதாள். “பேயும் குரங்கும் சாப்பாட்டு மேசைக்கு வருகிற படத்துக்கா பரிசு கொடுத்தார்கள்?” என்று எம்ஆர்டி ரயிலில் இவர் கேட்கப்போய், ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் சரியான பேச்சில்லை. எனக்கும் படம் புரியவில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசை மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நான் யார் பக்கம் பேசுவது?
– வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, அந்த மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. தாய்லாந்தின் வடகிழக்கே புளியந்தோப்பும் தேனீக்களும் வைத்திருப்பவர் பூன்மீ. சிறுநீரகம் கெட்டு, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஓர் இரவு மைத்துனியோடு சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, எப்போதோ செத்துப்போன மனைவி அதே மேசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்குகிறாள். பிறகு, காணாமற்போன மகன் உடம்பெல்லாம் ரோமமும் சிவந்த கண்களுமாகப் படியேறி வருகிறான். யாரும் அலறி ஓடவில்லை. அவளுடைய இறுதிச் சடங்குப் படங்களை அவளிடமே எடுத்துக் காட்டுகிறார்கள்.

இது நமக்குத் தெரியாத சங்கதியா? அப்பா திதியன்று இலை போட்டு, அவருக்குப் பிடித்த மீன் குழம்பும் ஒரு கிளாஸ் கோப்பியும் வைத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காத்திருக்கிறோம். பதினோராவது மாடியில் வீவக அடுக்குமாடி வீடாக இருந்தாலும் அவர் வருவார் என்றுதானே சாத்துகிறோம்? கதவைத் திறக்கும்போது அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் இந்தப் படத்தில் பார்த்தேன்.

மெதுவாகப் போகிறது என்பது உண்மை. என் அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது வயிற்றுக்குள் நீரை விட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்வது. ஒரு நாளைக்கு 4 தடவை. 2 லிட்டர் பையைக் கம்பியில் மாட்டுவேன். பழைய நீர் தரையிலிருக்கும் பைக்கு வடிந்து, புது நீர் ஏறி முடிய அரைமணி நேரம். அதுவரை இரண்டு பேரும் பேசமாட்டோம். கீழே பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்கும். குழாயில் நீர் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று, “ஜொகூரில் ஒரு நாய் இருந்ததே, அது எங்கே போச்சு?” என்பார். லாவோஸிலிருந்து வந்த பணியாளர் பூன்மீக்கு டயாலிசிஸ் செய்துவிடும் காட்சியில் எனக்கு அந்தக் கட்டில்தான் தெரிந்தது. இயக்குநர் அபிசாட்பொங் வீரசேதகுலின் தந்தையும் சிறுநீரகம் கெட்டு இறந்தவர். நோயாளி இருக்கும் வீட்டில் நேரம் எப்படி நகரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பரிசு பற்றி உங்கள் கணவர் கேட்டதற்கு: 2010இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது இதற்குத்தான் கிடைத்தது. அதற்காக அவருக்கும் பிடித்தாக வேண்டும் என்றில்லை. இளவரசியும் கெளுத்தி மீனும் வரும் பகுதி அழகுதான், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. முடிவில் ஒரே ஆட்கள் கட்டிலில் டிவி பார்த்துக்கொண்டும், அதே நேரத்தில் கரவோக்கே கடையில் உட்கார்ந்துகொண்டும் இருப்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. ஆனால் அவர் தூங்கியதில் ஓர் இடம் தவறிப்போயிருந்தால் எனக்கு வருத்தம். கம்யூனிஸ்டுகளை நிறையக் கொன்றேன், அந்த வினைதான் இந்த நோய் என்று பூன்மீ சாதாரணமாகச் சொல்வார். வினை என்ற சொல்லோடு வளர்ந்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டாம். படம் புரிந்ததா என்று மகளும் இனி அவரைக் கேட்க வேண்டாம். பாட்டி இன்றைக்கு ராத்திரி நம் மேசையில் வந்து உட்கார்ந்தால் என்ன பரிமாறுவீர்கள் அப்பா என்று கேட்கட்டும்.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களைக் கைப்பேசியில் பார்த்தால் போதாதா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: போதாது ஐயா. பூன்மீ குகைக்குள் போகும் பகுதி ஏறக்குறைய முழு இருட்டு. கைப்பேசியில் உங்கள் முகம்தான் தெரியும். படம் நெடுக ஓயாமல் கேட்கும் காட்டுப் பூச்சிகளின் சத்தத்தையும் அந்தச் சின்ன ஒலிபெருக்கி விழுங்கிவிடும். தியேட்டருக்குப் போக வழியில்லை என்றால், இரவு பத்து மணிக்கு மேல் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு டிவியில் போடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், புழுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.