நெல்மணிக் கணக்குக்குள் ஏழு பகா எண்கள்

கேள்வி: சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களுக்கும் சேர்த்து 1,84,46,74,40,73,70,95,51,615 நெல்மணிகள் வரும் என்று படித்தேன். இந்த எண் எதனால் எல்லாம் வகுபடும்? கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– பிளஸ் ஒன் மாணவி, தேனி

பதில்: முடியும். எண்ணை இப்படி நீளமாக எழுதினால்தான் மலைப்பாக இருக்கும். 2⁶⁴ − 1 என்று எழுதிப் பாருங்கள். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் எப்படிப் பிரியும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள்: (2³² + 1) × (2³² − 1). பின்னதை மறுபடியும் அதேபோலப் பிரியுங்கள். பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். இவற்றை மட்டும் பெருக்கினால் 4294967295. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றுள் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று 1796-இல் காட்டியவர் ஜெர்மன் கணித மேதை காஸ். அப்போது அவருக்கு வயது 18.

சரி, ஆறாவது எண்? அதுவும் பகா எண்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1732-இல், அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் ஆய்லர். எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும் என்றும் அவரே பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல்கள்!

நீண்ட வகுத்தல்கூட வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இன்னொரு பக்கம், 641 = 5⁴ + 2⁴; அதாவது 625 + 16. அதனால் மீதியைப் பார்க்கும்போது 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அப்புறம் என்ன, 2³² + 1 மீதியில்லாமல் வகுபட்டுத்தானே ஆக வேண்டும்! ஈவு 6700417, அதுவும் பகா எண்.

ஆக மொத்தம் ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம் என்பதால் வகுஎண்கள் 2⁷, அதாவது 128. உங்கள் நெல்லை மீதமில்லாமல் சமமாகப் பங்குபோட இத்தனை வழிகள்தான் உண்டு. ஏழு பேருக்குப் பிரித்தால் ஒரு நெல் மிஞ்சும்; ஏன் என்று நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்.