பில் மென்பொருளுக்குள் வைக்க எந்த ஸ்கிரிப்ட் மொழி?

கேள்வி: சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய பில் மென்பொருளைக் கடைகளுக்கு விற்கிறோம். ஒவ்வொரு கடைக்காரரும் தனித் தள்ளுபடி விதி கேட்பதால், விதிகளை மட்டும் எழுத ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மொழியை உள்ளே சேர்க்க நினைக்கிறோம். ஒரு நிறுவனம் தன் 'ஸ்கிரிப்ட் எஞ்சி'னைக் கணினிக்கு இவ்வளவு என்ற ஆண்டுக் கட்டணத்தில் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் தேவைக்கு லுவா மொழி போதும். பிரேசிலின் ரியோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த இந்த மொழி, வேறொரு மென்பொருளுக்குள் அமர்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. தூய சி மொழியில் எழுதப்பட்டது. சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். பைத்தான் மொழியை உள்ளே வைக்கச் சொல்பவர்கள், அதன் நூலகக் கோப்புகள் அனைத்தையும் ஒவ்வொரு கடையின் பழைய கணினிக்கும் சுமந்து செல்லப்போவது நீங்கள்தான் என்பதைச் சொல்வதில்லை.

லுவா எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது. பதிப்புரிமை அறிவிப்பை உடன் வைத்தால் போதும். காசு கொடுக்காமலே வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். இதே உரிமம், லுவாவின் பெயரை மாற்றி விற்கவும் இடமளிக்கிறது. ஆகவே அந்த நிறுவனத்திடம், எஞ்சினுக்குள் இருப்பது எந்த மொழி, அதன் உரிம அறிவிப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டு இல்லாத பொருளை ஏற்க மறுக்கும் கொள்முதல் பிரிவுகள்தாம் இத்தகைய தரகர்களை வாழவைக்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

வேகப் பட்டியல்களைக் காட்டி எவரும் உங்களை மயக்க வேண்டாம். இருபது வரி பில்லுக்கு எந்த மொழியும் வேகமானதே. நீங்கள் அஞ்ச வேண்டியது காசுக் கணக்கில் வரும் பிழைக்கு. 5.2 பதிப்பு வரையிலான லுவாவில் இயல்பாக எல்லா எண்களும் மிதவை எண்களே, அதாவது பல பின்னங்களைத் தோராயமாக மட்டுமே வைக்கும் இரும எண்களே; 5.3இல்தான் தனி முழு எண் வந்தது. எனவே 5.4 பதிப்பை எடுத்து, தொகைகளை ரூபாயாக அல்லாமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஒற்றைச் சாய்கோட்டு (/) வகுத்தல் எப்போதும் மிதவை எண்ணையே தரும் என்பதால், இரட்டைச் சாய்கோட்டை (//) பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கவே கூடாது. இரட்டைச் சாய்கோடு எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்கும். 150 பைசாவுக்கு 5 சதவீதத் தள்ளுபடி ஏழரை பைசா. கணக்கில் 7 வரும். அதே பொருளை வாடிக்கையாளர் திருப்பித் தரும்போது தொகை எதிர்க்குறியோடு வருவதால் விடை எதிர்க்குறி 8 ஆகிவிடும். விற்றபோது 7, திரும்பியபோது 8. ஒரு பைசாதானே என்று விட்டால், மாதக் கடைசியில் கணக்கு நேராகாமல் கடைக்காரர் உங்களைத்தான் அழைப்பார். திரும்பும் பில்லிலும் தொகையை நேர்க்குறியாகவே கணக்கிட்டு, முடிவில் மட்டும் குறியை மாற்றுங்கள்.

விதிகளைக் கடைக்காரரே எழுதுவாரென்றால், கோப்புகளையும் இயங்குதளத்தையும் தொடும் நூலகங்களைத் திறந்துவிடாதீர்கள். முன்பே இரும வடிவத்துக்குத் தொகுக்கப்பட்ட (கம்பைல் செய்த) ஸ்கிரிப்டுகளை ஏற்காமல் உரை வடிவத்தை மட்டும் ஏற்றுங்கள். லுவாவின் மூலக்கோப்புகளை உங்கள் கோப்புகளோடே வைத்துத் தொகுத்து, பழைய விதிகளை எல்லாம் ஓட்டிப் பார்க்காமல் அடுத்த பதிப்புக்கு மாறாதீர்கள்.